ஆற்றங்கரைத் தங்கல் திடல்களில் அறிவிப்புப் பலகைகள்

காவிரிக் கரையில் படுகை நிலமும் தென்னந்தோப்பும் உடைய விவசாயிகளுக்கு ஆடி மாதம் நாற்றங்கால் வேலையோடு விருந்தாளிகளையும் சேர்த்தே கொண்டுவருகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்றும் ஆடி அமாவாசையன்றும் பவானி, கொடுமுடி, முக்கொம்பு, ஸ்ரீரங்கம், திருவையாறு முதலிய இடங்களில் ஜனங்கள் திரளுவது யாவரும் அறிந்ததே. படித்துறைகளில் இடம் போதாமற்போகவே, வாகனங்களில் வருகிறவர்கள் அக்கம்பக்கத்துத் தோப்புகளில் இறங்கிச் சமைத்துண்டு, ஓரிரவு தங்கியும் செல்கிறார்கள். பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்போர் பங்குனியில் கொடுமுடிக் கரையில் தங்குவதும் இவ்வாறே. அண்மைக் காலத்திலோ, விழா நாள் என்ற கணக்கே இல்லாமல், பட்டணங்களிலிருந்து கூடாரத்துடன் வந்து ஆற்றோரம் தங்கிப்போக விரும்புவோரும் உண்டாகியிருக்கின்றனர். அவர்களுக்குத் தோப்பில் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்துச் சிறிது வருமானம் காண்கிற நிலச்சொந்தக்காரர்களும் இருக்கின்றனர். இலவசமாகக் கொடுத்தாலும் வாடகைக்குக் கொடுத்தாலும், இடம் கொடுத்தவருக்கு ஒரு பொறுப்பு உண்டாகிவிடுகிறது. அப்பொறுப்பில் மிகக் குறைந்த செலவில் நிறைவேறக்கூடியதும், மிகவும் அலட்சியம் செய்யப்படுவதும் அறிவிப்புப் பலகையே ஆகும்.

உள்ளூரில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பலகை தேவையில்லை. எந்தத் துறையில் ஆழம், எங்கே மணல் அள்ளிய குழி, எந்த மரத்தடியில் நீர் சுழலும் என்பதெல்லாம் அவனுக்குச் சிறு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அறுவடைக்குப் பின் ஆட்டுக் கிடைகளோடு டெல்டாவுக்கு வரும் கீதாரிகளும், எங்கோ தொலைதூரத்திலிருந்து வருகிறவர்களாயினும், தண்ணீரின் நிறம் கலங்குவதையும் சருகும் நுரையும் மிதந்து வருவதையும் கண்டே கிடையை மேட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். பட்டணத்திலிருந்து வருகிறவருக்கு இந்த அறிவு இல்லை. அவர் மாலையில் வந்து, முழங்கால் அளவு தெளிந்த நீரையும் வெண்மணலையும் கண்டு, நீருக்கு எவ்வளவு கிட்டே தங்கலாமோ அவ்வளவு கிட்டே கூடாரம் அடிக்கிறார். நடு இரவில் அவர் விழிக்கும்போது உதவி கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. பலகை அந்த நேரத்துக்காகவே எழுதப்பட வேண்டும்.

ஆற்றின் போக்கைச் சற்று நினைவூட்டுவது இங்கே அவசியம். ஜனங்கள் ஆற்றங்கரைக்குத் திரளும் ஆடி மாதமே தென்மேற்குப் பருவமழையின் நீர் மேட்டூருக்கு வந்து சேரும் காலம். 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை 120 அடியளவில் சுமார் 93½ டி.எம்.சி. நீரைத் தேக்கக்கூடியது. ஆனால், அணை நிரம்பி நிற்கும்போது மேலிருந்து வருகிற நீர் முழுவதையும் அப்படியே கீழே விட்டாகவேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி நீர் இவ்வாறு வெளியேறியது. அந்த வெள்ளத்தின்போதுதான், 22ஆம் தேதி இரவில், முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலுள்ள பழைய மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

மேட்டூர் நீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாட்கள் ஆகும் என்று கரையோரத்தில் ஒரு கணக்குச் சொல்லுவார்கள். வறண்ட மணலின் மேல் ஓடிவரும் முதல் நீருக்கு இக்கணக்கு சரியே. 2021இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப்பட்டு, 16ஆம் தேதி கல்லணை திறக்கப்பட்டது. ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கையில் அதன்மேல் வரும் ஏற்றம் இவ்வளவு காலம் எடுத்துக்கொள்வதில்லை. மேலும் பவானி, நொய்யல், அமராவதி ஆகிய மூன்றும் மேட்டூருக்குக் கீழே வந்து கலக்கின்றன. அவற்றில் பெருகும் நீருக்கு மேட்டூர்க் கணக்கு பயன்படாது. மேட்டூருக்குக் கீழேயுள்ள கதவணைகளில் மின்சார உற்பத்தியை ஒட்டி நீர் கூடுவதும் குறைவதும் உண்டு. ஆகையால், “மழையே இல்லை, ஆறு எப்படி ஏறும்?” என்று வெளியூரார் கேட்பதை அறியாமை என்று சிரிக்கலாகாது, அவருக்கு அதைச் சொல்லி வைப்பது பலகையின் வேலை.

திடலில் வைக்கவேண்டியவற்றுள் தலையானது நீரேற்றக் கல்லாகும். இதைப் பற்றி மட்டும் விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. திடலிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும்படி, ஆற்றுச் சரிவில் ஒரு கருங்கல் காலை நட்டு, அதன்மேல் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என மூன்று பட்டைகளைக் கீழிருந்து மேலாகத் தீட்டவேண்டும். நீர் வெள்ளைப் பட்டையில் இருக்கும்வரை கவலையில்லை. மஞ்சளைத் தொட்டால் சாமான்களைக் கட்டவேண்டும். சிவப்பைத் தொட்டால் சாமானையும் விட்டுவிட்டு மேட்டுக்குப் போய்விடவேண்டும். எழுத்தறியாதவரும் வேற்று மொழிக்காரரும் குழந்தைகளுங்கூட இதை ஒரு முறை சொன்னால் புரிந்துகொள்வர்.

சிவப்புப் பட்டையை எந்த உயரத்தில் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கூடாரம் அடிக்கும் தரையின் மட்டத்தைப் பார்த்து, அதற்கு ஓரடி ஈரடி கீழே கோடு போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுவது இயல்பு. படுகையின் அமைப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆறு தன் வண்டலை விளிம்பிலேயே அதிகமாகக் கொட்டுகிறபடியால், ஆற்றோரம் மேடாகவும், அதற்கும் பெருங்கரைக்கும் இடைப்பட்ட பகுதி பள்ளமாகவும் இருப்பது படுகையில் சாகுபடி செய்வோர் நன்கறிந்த விஷயம். வாழைக்கு நீர் தேங்குவதும் அந்தப் பள்ளத்திலேதான். வெள்ளம் ஏறும்போது, வடிகால் வாய்க்கால் வழியாகவோ கீழ்ப்புறத்து உடைப்பு வழியாகவோ நீர் பின்னோக்கிப் புகுந்து, முதலில் இந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. அப்போது திடலின் தரை காய்ந்தே இருக்கும். கூடாரத்தில் இருப்பவர் முன்னே ஆற்றைப் பார்த்துக்கொண்டு தைரியமாக உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் திரும்பிப் போகவேண்டிய பாதையில் இடுப்பளவு நீர் ஓடும். ஆதலால், சிவப்புப் பட்டையைக் கூடாரத்தின் தரையைக் கொண்டு நிர்ணயிக்காமல், திரும்பிச் செல்லும் பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தைக் கொண்டு நிர்ணயிக்கவேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்க உபயோகிக்கும் நீர் நிரப்பிய குழாயைக் கொண்டு, பாதைப் பள்ளத்தின் மட்டத்தைப் படிப்படியாகக் கல்லுக்குக் கொண்டுவந்து குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிக்கு ஈரடி கீழே சிவப்பும், அதற்கும் ஈரடி கீழே மஞ்சளும் தொடங்கட்டும். இரண்டு ஆட்களுக்கு அரை நாள் வேலை.

இவ்வாறு அளந்து பார்த்தபின், சிவப்புப் பட்டை சாதாரண ஆடி நீரின் மட்டத்திலேயே வந்து விழுகிறது என்று தெரிந்தால், அந்த இடம் தங்குவதற்கு ஏற்றதன்று. பலகை வைத்து அதைச் சரிசெய்ய இயலாது. பகற்பொழுதில் உணவருந்திச் செல்வதற்கு மட்டும் அவ்விடத்தைக் கொடுத்து, இரவு தங்கலைப் பெருங்கரைக்கு அப்பால் மாற்றிவிடுவதே முறை.

கல்லின் மேற்பாகத்தில் பழைய வெள்ளங்களின் மட்டத்தையும் ஆண்டுடன் பொறித்து வைக்கலாம். 2018, 2005 ஆகிய வெள்ளங்களின் குறிகள் பல தோப்புகளின் மோட்டார் அறைச் சுவர்களில் உள்ளன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் மட்டத்தைப் பற்றிக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் அடையாளம் ஏதேனும் இருப்பின் அதுவும் பயன்படும். தலைக்குமேல் “2005” என்று பொறித்திருப்பதை அண்ணாந்து பார்ப்பவருக்கு வேறு உபதேசம் வேண்டுவதில்லை.

இனி, பலகைகளை வைக்கும் இடம். நீரின் விளிம்பில் நட்ட பலகையைப் படிக்கிறவர் ஏற்கெனவே நீருக்கு வந்துவிட்டார்; அவர் குழந்தை இறங்கியும்விட்டது. முதற்பலகை, தார்ச்சாலையிலிருந்து தோப்புக்குத் திரும்பும் இடத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது, வாகனங்களை நிறுத்தி இறங்கும் இடத்தில். ஆபத்தான இடங்களுக்கு உரியவை, அவ்விடத்துக்கு முப்பது நாற்பது அடி முன்னதாகவே, பாதை பிரியும் இடத்தில். மேட்டுக்குச் செல்லும் வழியைக் காட்டும் அம்புக்குறிகள் மட்டும் சிறியனவாயினும் எண்ணிக்கையில் அதிகமாக, ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி இருக்கவேண்டும். இருட்டில் கைவிளக்கின் ஒளி பட்டால் மின்னும் தகடு இப்போது சாலைக் குறிகளுக்காக எங்கும் கிடைக்கிறது. அம்புக்குறிகளுக்கு அதையே ஒட்டுவது நலம்.

எல்லாவற்றையும் ஒரே பலகையில் எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பதினைந்து கட்டளைகள் கொண்ட பலகையை எவரும் நின்று படிப்பதில்லை. ஒரு பலகைக்கு ஒரு செய்தி, அதுவும் ஆறேழு சொற்களுக்குள், என்று வைத்துக்கொள்ளல் வேண்டும். “எச்சரிக்கை”, “அபாயம்” என்று மட்டும் எழுதுவதாலும் பிரயோஜனமில்லை. என்ன அபாயம், என்ன செய்யவேண்டும் என்று சொல்லவேண்டும். “ஆழமான மணற்குழி. இறங்காதீர்கள்” என்பது போதும். இதனினும் முக்கியம், வேண்டாம் என்பதோடு வேண்டுவதையும் சொல்லுதல். குளிப்பதற்காகவே நூறு மைல் வந்தவரிடம் “இங்கே குளிக்கக்கூடாது” என்றால் அவர் பலகையைத் தாண்டிப் போய்க் குளிப்பார். “இங்கே குளிக்கவேண்டாம். குளிக்கும் துறை வலப்புறம் 200 அடி” என்றால் பெரும்பாலோர் வலப்புறம் திரும்புவர். அப்படிக் காட்டுவதற்குப் பத்திரமான துறை ஒன்றைத் தேர்ந்து, முள்ளும் கண்ணாடியும் நீக்கி, கயிறு கட்டி வைத்திருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கொள்ளிடத்தில் அணைக்கரை, சிதம்பரம் பக்கங்களில் முதலை உள்ள இடங்களில், முதலையின் படத்தையும் சேர்த்தே வரையவேண்டும். அங்கே குளிக்கும் துறை காட்டவே கூடாது.

படங்களைப் பொறுத்தவரை புதிதாக ஒன்றையும் கற்பனை செய்யவேண்டாம். மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கைக்கும், குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டம் விலக்குக்கும், நீல வட்டம் கட்டாயம் செய்யவேண்டியதற்கும், பச்சைச் சதுரம் பத்திரமான வழிக்கும் உலகெங்கும் வழங்குகின்றன. வருகிறவர் எந்த ஊராராயினும் இவற்றை முன்பே கண்டிருப்பார். எழுத்துக்கு மஞ்சளின்மேல் கறுப்பு நன்றாகத் தெரியும். சிவப்பு வர்ணம் அழகாயிருப்பினும் வெயிலில் முதலில் வெளிறுவது அதுவே. இரண்டு கோடைக்குப் பின், மற்ற எழுத்தெல்லாம் இருக்க, “அபாயம்” என்ற சொல் மட்டும் மறைந்துபோன பலகைகளைச் சாலையோரங்களில் காணலாம். எழுத்தின் உயரம், படிக்கவேண்டிய தூரத்தில் இருபது அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்குக்குக் குறையலாகாது. தமிழில் ஞ, ண, ழு போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருங்கியிருப்பதால், தடித்த தூரிகையால் எழுதினால் அவை தூரத்தில் ஒரு கறையாகவே தோன்றும்; நடுத்தரமான கோட்டில் இடைவெளி விட்டு எழுதச் சொல்லவேண்டும். வர்ணம் காய்வதற்கு முன் நிலச்சொந்தக்காரரே அந்தத் தூரத்தில் நின்று, புள்ளிகள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பலகையை அநேகர் நினைப்பதேயில்லை. அது இடத்தின் பெயர்ப் பலகை. விபத்து நேர்ந்து 108க்கோ 112க்கோ தொலைபேசியில் பேசும் வெளியூரார், “எங்கே இருக்கிறீர்கள்?” என்ற முதற்கேள்விக்கே விடை தெரியாமல், “ஆற்றங்கரையில், தென்னைமரங்கள் இருக்கின்றன” என்கிறார். கரையோரம் முழுவதும் தென்னைமரமே. ஆகவே கிராமம், வட்டம், கரையின் பெயர், தோப்பின் பெயர், வண்டி வரக்கூடிய பாதை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, மேற்படி எண்களையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும், கிராமத்தில் உடனே வரக்கூடிய ஒருவரின் எண்ணையும் அதன் கீழ் எழுதவேண்டும். மேட்டுத் திடலிலும் இதன் நகல் ஒன்று இருக்கட்டும்.

தூண்களுக்கு மரத்தைவிடக் கருங்கல் காலே சிறந்தது. வேலிக்கு நடும் கல்லே போதுமானது. அதைக் கறையான் அரிக்காது. மாடுகள் வந்து உடம்பை உரசினாலும் அசையாது. மாடு உரசிச் சாய்ந்த பலகைகளே நாட்டில் அதிகம். மொத்தம் ஒன்பது அடியுள்ள கல்லில் மூன்றடி தரைக்குள் போகவேண்டும். வண்டலிலும் மணலிலும் குழியின் அடியில் சரளையிட்டுக் கான்கிரீட்டு நிரப்பினால்தான் நிற்கும். கல் கிடைக்காத இடத்தில் வைரம் பாய்ந்த பனையையோ கருவேலத்தையோ கொள்ளலாம். மண்ணுக்குள் போகும் பாகத்தையும் அதற்கு மேல் ஓரடியையும் தீயில் வாட்டித் தார் பூசிக்கொள்ளவேண்டும். தகரப் பலகைக்கு இரு பக்கமும் துருத் தடுக்கும் பூச்சு இட்ட பிறகே எனாமல் வர்ணம். பாதையிலிருந்து ஆற்றை நோக்கி வருகிறவர் படிக்கும் பலகை, ஆற்றின் ஓட்டத்துக்குத் தன் விளிம்பையே காட்டி நிற்குமாதலால் வெள்ளத்தில் தப்பும். கரையோரமாக நடப்பவருக்கென்று ஓட்டத்துக்கு எதிர்முகமாக வைக்கும் பலகையோ சருகையும் வாழை மரங்களையும் வாங்கிக்கொண்டு தூணோடு போய்விடும். அத்தகையதைக் கழற்றக்கூடியதாக மாட்டுவது நன்று.

மரத்தில் ஆணியடித்துப் பலகை மாட்டுவது எளிதாயிருக்கிறது என்று தென்னையை நாடுவோர் உண்டு. தென்னையின் தண்டில் உண்டாகும் காயம் மற்ற மரங்களைப் போல் பட்டை மூடி ஆறுவதில்லை. அக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்து, குருத்துச் சாயும்போதுதான் சொந்தக்காரருக்கு விஷயம் தெரியவரும். காய்க்கிற மரம் ஒன்றின் விலையில் எத்தனையோ கற்கால்கள் நட்டுவிடலாம்.

பயிரைப் பாதுகாக்கும் பலகைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அடுப்பு மூட்டும் இடத்தைக் கரும்புச் சோகைக்கும் காய்ந்த வாழைச்சருகுக்கும் காற்றுத் திசையில் விலக்கி அமைத்து, அங்கே பலகை வைக்கவேண்டும். மோட்டார் அறைக்கும் மின்கம்பிக்கும் மின்சார அபாயப் படம் கட்டாயம். கழிப்பிடத்தை ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நூறடிக்குக் குறையாமல் தள்ளி அமைத்து, இரவிலும் தெரியும்படி வழி காட்டவேண்டும். திறந்து கிடக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பலகை வைப்பது போதாது, அதை மூடிவிடவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சியாருக்கும் இதில் பங்குண்டு. பட்டா நிலத்தில் சொந்தக்காரர் தம் விருப்பப்படி பலகை நடலாம். ஆற்றுப் புறம்போக்கிலும் கரையின் மேலும் நடுவதற்கு நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். எல்லை எது என்ற சந்தேகம் தோன்றுமிடத்தில், முன்கூட்டியே புலப்படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் பின்னால் பிடுங்கவேண்டிய சிரமம் இராது. நீர் அதிகமாகத் திறக்கப்படும் செய்தி மாவட்ட நிர்வாகத்தின் வழியாகக் கரையோரக் கிராமங்களுக்கு வருகிறது. முற்காலத்தில் இதைத் தண்டோரா போட்டு அறிவித்தனர். 2022ஆம் ஆண்டில் அரசு தண்டோராவைக் கைவிடச் சொன்ன பிறகு ஒலிபெருக்கி வண்டியே வழக்கமாயிருக்கிறது. வண்டி ஊர்த்தெருவில் போகும். படுகைக்குள் அதன் குரல் எட்டாது. தங்கல் திடல் உள்ள தோப்புகளின் பட்டியலையும் சொந்தக்காரரின் தொலைபேசி எண்ணையும் ஆனி மாதத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால், செய்தி வந்த நாழிகையிலேயே அவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

செய்தி கிடைத்ததும் திருப்பி மாட்டுவதற்கென்று இரு பக்கமும் எழுதிய ஒரு தொங்கு பலகையைத் திடலின் வாசலில் வைக்கலாம். ஒரு பக்கத்தில் பச்சையில் “இன்று துறையில் குளிக்கலாம்” என்றும், மறுபக்கத்தில் மஞ்சளில் “இன்று ஆற்றில் இறங்கவேண்டாம், இரவு தங்கவேண்டாம்” என்றும் எழுதலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. அதைத் திருப்புவதற்குப் பெயர் குறிப்பிட்ட ஓர் ஆள் இல்லாவிட்டால், இப்பலகையை மாட்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு “வெள்ள அபாயம்” என்று தொங்கும் பலகையை நாலு பேர் பார்த்துச் சிரித்த பிறகு, ஆடியில் அதை நம்புகிறவர் இல்லை. வெள்ள நாளில் பச்சைப் பக்கம் தொங்குமானால் அதன் விளைவு என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

கல் நடுவதற்கும் வர்ணம் பூசுவதற்கும் ஏற்ற காலம் பங்குனி, சித்திரை மாதங்களாகும். அப்போது நீர் குறைந்து, சரிவின் அடிப்பாகம் வரை வேலை செய்யலாம். பூச்சும் நன்றாகக் காயும். ஆனிக் கடைசியில் ஒருமுறை கொடிகளை அறுத்து, பலகைகளைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். வெள்ளம் வந்து வடிந்தால், வண்டல் காய்ந்து இறுகுவதற்கு முன் கல்லைக் கழுவிவிடுவதோடு, அந்த ஆண்டின் நீர் ஏறிய மட்டத்தையும் அன்றைக்கே உளியால் கொத்திக்கொள்ளவேண்டும். சேற்றுக் கோடு அடுத்த மழையில் கரைந்துவிடும்.